கேட் மூடிட்டாங்க

அதுதான் பேண்டின் பேர்.
முதல் கச்சேரிக்கு ஒன்றரை மணி நேரம் லேட்டாகப் போய்
மைக்கில் ஃபிலோமினா சொன்ன முதல் வாக்கியம்.
கூட்டம் சிரித்தது.
நோட்டீசில் ஏதோ ஆங்கிலப் பேர் போட்டிருந்தார்கள்,
இப்போது எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

நான் வாசிப்பவள் இல்லை. என்னுடையது சவுண்டு.
கொருக்குப்பேட்டையில் அப்பா விட்டுப்போன கடை:
காதுகுத்து, கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம்.
நாலு புனல், ரெண்டு பாக்ஸ்,
மழைக்காலத்தில் இருமுகிற ஒரு மிக்ஸர்.
வாடகை பாக்கி வைத்தவர்களாகத்தான்
மூன்று பேரும் எனக்கு அறிமுகம்.

அப்போது அவர்கள் வாசித்ததெல்லாம் அடுத்தவர் பாட்டு.
நோயல் பகலில் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர்,
ராத்திரி டிரம்ஸ்.
தேசப்பன் காசிமேட்டில் ஐஸ் உடைத்த கையோடு வருவான்,
பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில்
செதில் ஒன்று மினுங்கும்.
ஃபிலோ பாடுகிற இங்கிலீஷை
இங்கிலீஷ்காரன் கேட்டால்
நெத்திலி என்ன விலை என்று கேட்டிருப்பான்.

முதல் மாற்றத்தைச் செய்தது கரண்ட்.
எர்த் சரியில்லாமல் ஒருநாள்
பாக்ஸ் ம்ம்ம் என்றது. நிறுத்தவே முடியவில்லை.
நான் ஸ்க்ரூடிரைவரும் வியர்வையுமாகக் குனிந்திருக்க
ஃபிலோ ஆறு கம்பியையும் தளர்த்தி
அந்த இரைச்சலோடு சுருதி சேர்த்தாள்.
"இதான் நம்ம ஊரு ஸ்ருதி. நோண்டாத, விடு."

அப்புறம் அந்த கேட்.
சைக்கிள், பால் வண்டி, ஒரு ஆம்புலன்ஸ், எங்கள் டெம்போ.
எதிரே கூட்ஸ்.
தண்டவாள இணைப்பில் சக்கரம் விழுகிற கணக்கை
டெம்போத் தகரத்தில் நோயல் விரலால் பிடித்தான்:
தடக்தடக், தடக்தடக்,
அஞ்சாவதை முழுங்கிவிட்டு மறுபடி தடக்.
அப்படி வந்தது 'அம்பத்தெட்டு'.
வண்டி எத்தனை நீளமோ பாட்டும் அத்தனை நீளம்.
நிலக்கரி என்றால் பதினோரு நிமிடம்,
காலி டேங்கர் என்றால் ஆறு.
வரிகள் முழுக்க நின்றவர்கள் சொன்னவை:
ஆரன் அடிக்காதய்யா,
பால் திரிஞ்சிடும்,
டாக்டர் இருப்பாரா,
இது ரெண்டாவது வண்டி.
கார்டு பெட்டி போனதும் டப்பென்று முடியும்.
கைதட்ட வந்த கைகள் அந்தரத்தில் நிற்கும்.

ஆழ்வார்பேட்டையிலிருந்து கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார்.
"நார்த் மெட்ராஸ்ங்கறீங்க, ஒரு குத்துகூட இல்லையே?"
தேசப்பன் அவருக்கு டீ சொன்னான்.
காசு அவரே கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது ரெக்கார்டைப் பற்றித்தான் ஊரெல்லாம் எழுதினார்கள்.
வேகம் போய்விட்டது, வயசாகிவிட்டது என்று சிலர்,
தியானம் என்று சிலர்.
நோயலுக்கு வலது காது போயிருந்தது. இடது பாதி.
சிம்பல் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு
மீன் ஏற்றும் மரப்பலகைமேல் வெறுங்காலோடு உட்கார்ந்தான்.
தேசப்பனின் பேஸ் பலகை வழியாகப் பாதத்துக்கு ஏறினால்தான்
அடுத்த அடி.
அந்தத் தாமதம்தான் அந்த ரெக்கார்டு.

ஸ்டான்லி வராண்டாவில் ஒருமுறை கேட்டேன்,
என் பாக்ஸா, இல்லை உன் ரிவெட் சுத்தியலா?
சுத்தியல்தான் என்றான்.
என் வாயைப் பார்த்துக்கொண்டு,
கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னான்.

கேட்டின்மேல் பாலம் போட்டார்கள். எவனும் நிற்பதில்லை.
போன மாசி, பாலத்தடியில் வாசித்தோம்.
கேட்டது 'அம்பத்தெட்டு'தான்.
கீழே கூட்ஸ் வர,
நோயல் ஒரு கையால் வாசித்தபடி
மறு கையைத் தூணில் வைத்திருந்தான்.
அதிர்வு தீர்ந்தது என்று விரலைத் தூக்கினான்.
ஃபிலோ நிறுத்தினாள், தேசப்பன் நிறுத்தினான்.

இன்னும் மூன்று பெட்டி பாக்கி இருந்தது.
நான் ஃபேடரை இறக்கவில்லை.
பாக்ஸ் மட்டும் ம்ம்ம் என்று
அவற்றை அனுப்பிவைத்தது.