கொட்டாவி

"இவருக்கு நித்திரை வருது போல"
என்றார் ஞானேஸ், கையில் இறைச்சித் தட்டோடு.
சுருட்டு இன்னொரு கொட்டாவி விட்டது.

நித்திரை இல்லை.
நாள் முழுக்க சோபாவில் மல்லாந்து கிடக்கிற கிரேஹவுண்டுக்கு,
டூங்காபியின் ஜனவரி வெய்யிலில்,
பலூன் வெடிக்கிற பின்வளவில்
நாற்பத்திரண்டு பேருக்கு நடுவில்
எங்கிருந்து வரும் நித்திரை?

ஐந்து வருடம் பந்தயத் திடலில் ஓடி
ஒரு கால் பிசகி எங்களிடம் வந்தது.
காதுக்குள் பச்சை குத்திய எழுத்துகள்.
நீளம், ஒல்லி, பழுப்பு. அதனால் சுருட்டு.
வந்த புதிதில் அதற்குப் படிக்கட்டு தெரியாது,
கண்ணாடிக் கதவு தெரியாது,
அடுப்பு மணி அடித்தால் சுவரோடு ஒட்டிவிடும்.
இரவு வேலை முடிந்து வந்து
தரையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
கண்டதை காஸ் பில்லின் பின்பக்கம் கிறுக்குவேன்:

சாப்பாடு இல்லாதபோது மூக்கை நக்கினால் பயம்.
நனையாமலே உடம்பை உதறினால்
ஏதோ ஒன்று இப்போதுதான் அதற்குள் முடிந்தது.
வால் ஆடுவது சந்தோஷம்
(இதை வெட்டிவிட்டு)
வால் எந்த உயரத்தில் ஆடுகிறது என்று பார்.

லோஜினியின் மகன் ஓடிவந்து
அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.
"அப்படியே நில்லு ராசா, ஒரு படம்!"
ஆறு போன்கள் உயர்ந்தன.

சுருட்டு முகத்தை அப்பால் திருப்பியது,
கண்களை மட்டும் இங்கேயே விட்டுவிட்டு.
கண்ணோரத்தில் வெள்ளையாய் ஒரு மூன்றாம் பிறை.
இளைத்துக்கொண்டிருந்த வாய்
சட்டென்று மூடியது.
அந்த அமைதி யாருக்கும் கேட்கவில்லை.
நான் இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பிறகுதான் உறுமல்.
"கடிக்கப்போகுது, அடியுங்கோ அதுக்கு!"

அடிப்பதா?
அது தன்னிடம் மிச்சமிருந்த கடைசி மரியாதையைக் காட்டுகிறது.
அதையும் பிடுங்கினால் பல்தான் மிஞ்சும்.
பையனின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
நாய் தானே நடந்து
உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் போய்விட்டது.

லோஜினிக்கு முகம் கறுத்துவிட்டது.
"சும்மா பிள்ளையை வெருட்டிறியள்.
பாருங்கோ, சிரிச்சுக்கொண்டெல்லோ நிக்குது"
போனை நீட்டினாள்.

வாய் மூட ஒரு கணம் முன்னால் எடுத்த படம்.
நாக்கு, பல், எல்லாம் இருந்தது. சிரிப்பு மாதிரித்தான்.

படத்தின் ஓரத்தில் துஷ்யந்தி.
கேக் கத்தியோடு.
இரண்டு விரலால் பெரிதாக்கினேன்.
தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.
முகம் என் ஆட்களைப் பார்த்துச் சிரிக்கிறது.
கண்கள் சமையலறைக் கதவில்.
ஓரத்தில் அதே பிறை.

மகளுக்கு இது பதினோராவது பிறந்தநாள்.
பதினொரு வருடப் படங்களிலும்
இவள் இப்படித்தான் நின்றிருப்பாள்.
மத்தியானம் அவள் கொட்டாவி விடும்போதெல்லாம்
"இரவு வெள்ளன படுத்திருக்கலாம்" என்றது
நான்தான்.
நாய்க்கு ஒரு காஸ் பில் எழுதினவன்.

தோய்க்கும் அறையில், மெஷினுக்கும் சுவருக்கும் இடையே
அவள் எனக்கு முதலே வந்து இருந்தாள்.
நாயும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி.

எதிரே போய் நிற்கக்கூடாது,
கண்ணுக்குள் பார்க்கக்கூடாது,
கையை நீட்டக்கூடாது.
பக்கவாட்டில் இருந்தேன்.
வெளியே யாரோ மெழுகுதிரி தேடினார்கள்.
"கேக் வெட்டோணும்" என்றாள்.
"வெட்டலாம், ஆறுதலா."

கொஞ்ச நேரத்தில் சுருட்டு எழும்பி
மூக்கில் தொடங்கி வால்வரை
காய்ந்த உடம்பை உதறியது.
மயிர் அவள் புதுச் சேலையெல்லாம் பறந்தது.
அவள் தட்டிவிடவில்லை.
தோள்களை இறக்கினாள்.
பிறகு, நீளமாக, ஒரு கொட்டாவி.

இது எந்தக் கொட்டாவி என்று
எனக்குப் பிடிபடவில்லை.
கேட்டேன்.