பருப்புத் தராசு

இசபெலாத் தீவில் வில்தராசின் முள்
எட்டரைக் கிலோவில் நின்று நடுங்கியது.
துணிப்பைக்குள்ளிருந்து உதைத்த உதையில்
எபர்தோவின் மணிக்கட்டில் மூன்று கோடு, ரத்தம்.
இது இகுவானா இல்லை, அம்மிக்கல் என்றான்.

இரண்டு இரவு படகு ஓடியது, வடக்கே.
ஹெனோவேசாவின் கரும்பாறையில்
அதே இனம், அதே சப்பை மூக்கு,
உப்பைத் தும்மித் தெறிக்கும் அதே அலட்சியம்.
பையில் இட்டுத் தொங்கவிட்டேன்.
முள் அசைந்த மாதிரியே இல்லை.
தராசு கெட்டுவிட்டதென்று
இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.

அப்புறம்தான் படகின் அடுப்படியில்
ஒத்திலியா பருப்பு நிறுக்கும் தராசைக் கேட்டோம்.
முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தாள்.
எழுநூற்று நாற்பது கிராம்.
வளர்ந்த ஆண். கிழவன் என்றே சொல்லலாம்.

நீந்தத் தெரியாதா இவனுக்கு? தெரியும்.
அலை இழுத்துப் போட்டால்
வாலை வளைத்து வளைத்துக் கரையேறிவிடுவான்.
ஏறுவது இதே பாறை.
குளிர்ந்த உடம்பைக் கிடத்துவது
நேற்றுக் கிடந்த அதே பள்ளம்.
சோறு போடும் கடல்தான்
சுவரும்.

அங்கே குளிர்ந்த நீர், அடர்ந்த பாசி.
இங்கே வெதுவெதுப்பு, வழுக்கலாய்க் கொஞ்சம்.
எத்தனை ஆயிரம் ஆண்டு அரைவயிறு
இந்த அளவில் ஓர் உடம்பைத் தைத்ததோ.
கடல் சூடேறிப் பாசி செத்த வருடங்களில்
உயிரோடிருப்பவற்றின் எலும்பே குறுகும்.
பழைய ஏட்டில் அந்த அளவுகள் இருக்கின்றன:
யாரோ எழுதி, தவறென்று அடித்து,
மறுவருடம் அதே கையெழுத்தில்
அடித்ததையே திரும்ப எழுதி.

தெற்கே, எஸ்பான்யோலாவில்,
இணைதேடும் மாதத்தில்
துருச்சிவப்பும் பாசிப்பச்சையுமாய் நிற்பவர்களை
இவனுக்குக் காட்டினால்
பங்காளி என்று ஒப்புவானா?

காட்டப் போவதில்லை.
தீவுக்குத் தீவு செருப்பைத் தேய்த்துக் கழுவுகிறோம்,
காற்சட்டை மடிப்பில் ஒட்டிய விதையை
ஊசிமுனையால் நோண்டி எடுக்கிறோம்,
ஒரு கரையின் மணல்கூட
மறு கரைக்குப் போய்விடாதபடி.
அந்த நேரத்தில் எனக்குத் தோன்றும்,
சுவருக்கு நாங்களும் கொஞ்சம்
பூச்சு வேலை பார்க்கிறோம் என்று.

இறக்கி விட்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.
நாலடி நகர்ந்து, என் காலணி மேல் ஒரு தும்மல்,
வெயில் விழும் பக்கமாய் உடம்பைத் திருப்பிக்கொண்டான்.

சாயங்காலம் ஒத்திலியா தராசை
வெந்நீரில் மூன்று முறை கழுவினாள்.
நாலாம் முறையும் கழுவினாள்.
ஆனாலும் அன்றைக்குப் பருப்பை
கையால் அள்ளித்தான் போட்டாள்.