'நாம்' என்பதை அடித்துவிட்டு

முதலில் 'நாம்' என்பதை அடிக்கச் சொன்னேன்.
நாம் இன்று வேட்டைக்குச் சென்றோம்,
நாம் இன்று கொலுவீற்றிருந்தோம்:
முப்பத்தொரு நோட்டிலும் ராஜா
கும்பலாகவே இருந்தார்.

ஒரு ஆள்தானே, நான்னு எழுதுங்க.
"ராஜாவைப் போயி நான்னு எழுதலாமா டீச்சர்?"
எழுதலாம், அவரேதான் எழுதுறார்.
ராத்திரி. விளக்கு. பக்கத்தில் யாரும் இல்லை.
கிரீடத்தைக் கழற்றிவிட்டார்.
"எங்க வச்சாரு?" என்றான் சீனி நைனா.
எனக்குத் தெரியவில்லை.

வேதாளை, ஏழாம் வகுப்பு,
சத்துணவுக்குப் பிந்திய பாடவேளை.
கச்சான் காற்று கருவாட்டு வாடையோடு உள்ளே வந்து
மேஜைமேல் இருந்த டஸ்டரைத் தள்ளிவிட்டுப் போகிறது.

பாடப்புத்தகத்தில் இந்த ராஜாவுக்கு இரண்டு பத்தி.
ஊருணி வெட்டினார், கோட்டை கட்டினார்,
ஒரு போரில் வென்றார்,
கேள்வித்தாளில் வராத இன்னொன்றில் தோற்றார்.
தூங்கினாரா,
பல் வலித்ததா,
நண்டு உடைக்கத் தெரியுமா,
அதெல்லாம் நீங்க எழுதுங்க.
பேசுற மாதிரியே எழுதுங்க.

வகுப்பு என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.
ஜூனிலிருந்து
'வந்துச்சு'வை 'வந்தது' ஆக்கியவள் நான்.
கண்ட இடத்தில் எல்லாம் 'காத்'தைக் 'காற்று' ஆக்கி
இரண்டு சிவப்புப் பேனா தீர்த்தவள்.
"சுழிக்க மாட்டீகள்ல?"
மாட்டேன்.
"சத்தியமா?"
வகுப்பில் சத்தியம் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டுச்
செய்தேன்.

டைரி என்றால் என்னவென்று
ஹாஜிரா எனக்கு விளக்கினாள்.
"ஐஸ் கம்பெனில வருசப் பிறப்புக்குச் சும்மா குடுப்பாக.
அம்மா அதுல கடன் எழுதும்."

அவளுடைய ராஜா எழுதினார்:
குதிரைக்காரருக்குப் பாக்கி, நெறைய.
கோட்டைக்குச் சுண்ணாம்பு, பாக்கி.
உப்பு வித்த காசு வந்துச்சு, வந்த வழியே போச்சு.
மந்திரிக்கு இன்னும் தெரியாது.

நான் கேட்டது இது இல்லை.
ஆனால் இரண்டு பத்தி ராஜாவைவிட
இவரை நம்பிக் கைமாற்றுக் கொடுக்கலாம் போலிருந்தது.

செல்வமேரியின் ராஜாவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.
சீனி நைனாவின் ராஜா
கிரீடத்தை உப்புச் சாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு
மறுநாள் அரண்மனை முழுக்கத் தேடினார்.
இன்னொருவனின் ராஜா படுக்குமுன் ரீல்ஸ் பார்த்தார்;
அவனை மட்டும் எழுப்பி நிறுத்தினேன்,
சிரிப்பை அடக்கத்தான்.

இன்னாசிராஜ் மூன்றே வரி.

இன்னிக்குக் காத்து சரியில்ல.
எல்லாரும் எம் மூஞ்சியவே பாத்தாக.
பயமா இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல.

பத்து வரி கேட்டிருந்தேன்.
இது எந்தப் போர்டா, எந்த வருஷம்?
"போர் இல்ல டீச்சர்," என்றான்,
"சும்மா ஒரு நாளு."

சாயங்காலம் மண்டபம் ஸ்டேஷனில் ரயில் தாமதம்.
நோட்டுகளை மடியில் வைத்துத் திருத்தினேன்.
அவனுக்குப் பத்துக்கு ஆறு. தேதி இல்லை.
போட்ட பிறகு பார்த்தேன்,
தேதி இருந்தது, ஓரத்தில், பென்சிலில்.
போன சனிக்கிழமை.

சனிக்கிழமைகளில் அவன் அப்பாவோடு வல்லத்தில் போவான்.
பதிவேட்டில் தந்தை தொழில் என்ற கட்டத்தில்
என் கையெழுத்திலேயே இருக்கிறது: மண்டாடி.
அந்தச் சனிக்கிழமை நான்
ராமநாதபுரத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.
கடை வாசல் பந்தல் பிய்த்துக்கொண்டு பறந்தது,
எல்லோரும் 'ஓ'வென்று கத்திச் சிரித்தோம்.

ஆறை எட்டாக்கினேன். அசிங்கமாக வந்தது.
பேனா தன்னால் 'காத்து' மேல் போய் நின்றது.
மூடியைப் போட்டேன்.

அடுத்த நோட்டு.
நாம் இன்று வேட்டைக்குச் சென்றோம்.