மாசி மூன்றாம் வாரம்

பட்டா தேடித்தான் சித்தூருக்குப் போனேன்.
புத்தலப்பட்டில் பூர்வீகம் ஒன்றேகால் ஏக்கர்.
ரிக்கார்டு அறையில், அடங்கல் கட்டுக்கு அடியில்
அட்டை கிழிந்து கிடந்தது நீவா தூதன்.
வாரப் பத்திரிகை, விலை அரையணா.
ஆசிரியர் கச்சபேச முதலியார்,
கட்டமஞ்சி ஏரிக்கரைத் தெரு.

எங்கள் வீட்டில் தெலுங்கு.
காட்பாடியில் படித்ததால் நான் மட்டும்
எழுத்துக் கூட்டாமல் தமிழ் வாசிப்பேன்.
யாராவது புளுகினால் அம்மா சொல்வாள்:
"பேப்பர் மாட்டலு செப்பொத்து."
எந்தப் பேப்பர் என்று நான் கேட்டதில்லை.

அச்சு எந்திரம் வாலாஜா ரோடு ஸ்டேஷனிலிருந்து
மூன்று மாட்டுவண்டியில் வந்ததாம்.
ஒரு வண்டி பொன்னை ஆற்றில் குடைசாய்ந்து
ழகரப் பெட்டி மணலோடு போயிற்று.
ஆறு மாதம் தூதனில்
ஏழைகள் எல்லாரும் ஏளைகள்,
மழை மளை.
அந்த மளையும் பெய்யவில்லை.

தாது வருஷம்.
கஞ்சித் தொட்டிக்கு முன்னால் விழுந்தவர்களை
நின்று எண்ணியவர் அவர் ஒருவர்.
கச்சேரிக் கணக்கு முப்பத்திரண்டு.
தூதன் போட்டது இருநூற்றுப் பதினொன்று,
பெயர் தெரிந்தவர்களைப் பெயரோடு,
தெரியாதவர்களை
உடுத்தியிருந்த துணியின் நிறத்தோடு.
கேழ்வரகு மூட்டையில் மணல் என்று எழுதினார்.
துரை குதிரையேறி வந்து
தானே மூட்டையைக் குத்திப் பார்த்தார்.
அடுத்த வாரம் கஞ்சி கெட்டியானது.
எத்தனை உயிர் என்று யார் எண்ணுவது.
நானும் அவரைக் கும்பிட்டிருப்பேன்,
மாசி இரண்டாம் வாரத்தைப் புரட்டாமல்
விட்டிருந்தால்.

"மூட்டை திருடியவன்
புத்தலப்பட்டு சென்னகேசவலு."

திருடியவன் பலமநேர் சென்னகேசவலு.
எங்கள் சென்னகேசவலு கிடங்கில் கணக்கு எழுதியவர்.
மணலைப் பற்றி முதலியாருக்கு
முதலில் துப்புச் சொன்னவரே அவர்தான்
என்பது எங்கள் வீட்டுப் பேச்சு.
அதற்குச் சாட்சி இல்லை.
யாரோ சந்தையில் சொன்ன பெயரைக் கேட்டு
விளக்கு வைப்பதற்குள் அச்சுக் கோத்துவிட்டார்.
பத்து மைல்தான்.
நடந்து போய்க் கேட்டிருக்கலாம்.

ஊர் கூடிக் கூரையைப் பிரித்தது.
மூன்றாம் வாரம் திருத்தம் வந்தது,
கடைசிப் பக்கம்,
ஆமணக்கெண்ணெய் விளம்பரத்துக்குக் கீழே
ஒன்றரை வரி.
அதற்குள் அவரைக்
கிணற்றிலிருந்து எடுத்தாகிவிட்டது.

பிறகு இருபது மாசிகள்.
ஈசுவர தொடங்கித் துன்முகி வரை
மூன்றாம் வாரம் முதல் பக்கத்தில்
ஒரு பத்தி முழுக்க வெறுமை.
காரணம் எழுதவில்லை.
மை தீர்ந்துவிட்டதா ஐயா என்று
குடியாத்தத்துச் சந்தாதாரர் ஒருவர் கேட்டிருக்கிறார்.
அந்தக் கடிதத்தை அப்படியே போட்டிருக்கிறார்.
பதில் போடவில்லை.

வரவுசெலவுப் புத்தகமும் அதே கட்டில் இருந்தது.
தாதுவுக்கு முன் இல்லாத ஒரு செலவு,
அதற்குப் பின் மாதந்தவறாமல்:
செருப்பு தைக்க இரண்டணா.
பலமநேர் போய்வந்த வகையில்.
புங்கனூர் போய்வந்த வகையில்.
கார்த்திகை அடைமழையில் புதுச்செருப்பே ஒரு ஜோடி.
அவருடைய அச்சுக்கோப்பாளர்
திருப்பதியில் தொடங்கிய தெலுங்குப் பத்திரிகையிலும்
ஆசிரியர் சம்பளத்துக்கு அடுத்த வரி செருப்புத்தான்
என்கிறார் ரிக்கார்டு கிளார்க்,
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

இது போதுமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.
எனக்கு அந்த ஒன்றேகால் ஏக்கரே
இன்னும் கிடைத்தபாடில்லை.
விரலால் அளந்தேன்:
அகலம் நான்கு விரல், நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு.
விகிருதி வருஷத்து வெறுமையில் மட்டும்
பூச்சி அரித்த ஓட்டை ஒன்று.

ஜெராக்ஸ் பையன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
"இந்த எடத்துல ஒண்ணுமே இல்லியே அண்ணா.
இதையுமா?"
பக்கம் இரண்டு ரூபாய்,
எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ரெண்டு காப்பி போடு, என்றேன்.