555 நோட்டில் எழுதியது

இந்த மாதம் அறுபத்து நான்கு பேர்.
போன மாதம் அறுபத்திரண்டு.
ஆள் கூடிக் காசு குறைந்த மாதம் இது.

மளிகைக் கடையில் கடன் குறிப்பார்களே,
அந்தச் சின்ன 555 நோட்டில்தான் கணக்கு.
வந்ததையெல்லாம் நான் வாங்கிய கடன் என்று எழுதினால்தான்
அடுத்த பாட்டு வருகிறது.

லோரி ஞானசேகரன், பத்து வெள்ளி.
பள்ளிக் கேண்டீன் புவனாம்பிகை, பத்து, எல்லாம் சில்லறை.
தஞ்சோங் மாலிமில் ஒரு தாதி, இருபது.
பெயர் வேண்டாம் என்றாள். போடவில்லை.
டயர் கடை ஆ செங், ஐந்து.
அவனுக்குத் தமிழ் தெரியாது.
"நடுவில் நிறுத்துவாயே, அந்தப் பாட்டு"
என்பான் மலாயில். அது போதும் அவனுக்கு.

பகலில் நான் சிலிம் ரிவர் ஆலையில் எடைமேடைக் கிராணி.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும், எண் எரியும்.
கொட்டிவிட்டுக் காலியாய் மறுபடி ஏறும்.
கழித்துச் சீட்டுக் கிழிப்பேன்.
சீட்டின் முதுகில் பாட்டு.
ஒருமுறை,
"உன் பாரம் எவ்வளவென்று நீயே சொல்" என்ற வரி
தவறிப்போய் ஆலைக் கோப்புக்குள் சேர்ந்துவிட்டது.
கணக்காய்வுக்கு வந்தவர் வாய்விட்டுச் சிரித்தாராம்.
அவரும் இப்போது மாதம் பத்து.

முதல் பாட்டுக்கு ஸ்டூடியோ ஏது?
ஞாயிறு மதியம், எடைமேடை அறை,
கைப்பேசி தலையணை மேல்.
இரைச்சலுக்குப் பயந்து ஏர்கோனை அடைத்துவிட்டு
வேர்க்க வேர்க்கப் பாடினேன்,
கொதிகலனில் கை வெந்த ஒருவனைப் பற்றி.
மூன்றாம் அடியில்
எடை போடச் சொல்லி எவனோ ஹாரன் அடித்தான்.
நிறுத்தினேன்.
அவன் அடித்து முடித்தான்.
விட்ட இடத்தில் பிடித்தேன்.
இன்னொரு தடவை பாடத் தொண்டை இல்லை.
அப்படியே வெளியே விட்டேன்.

கனகசுந்தரம், குத்தகையாளர்,
மாதம் முந்நூறு கொடுத்தவர்.
கோயில் தலைவர் தேர்தலுக்கு நிற்கிறாராம்.
"ஒரு பாட்டு, தங்கச்சி. என் பேரு மூணு இடத்துல வந்தா போதும்."
பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் முயன்றேன்.
க-ன-க-சுந்-த-ரம்.
எந்தச் சந்தத்திலும் உட்கார்ந்துகொள்ளும் பெயர்,
அதுதான் பயமாக இருந்தது.
முடியாதென்றேன்.
முந்நூறு நின்றது.
முந்நூறு என்றால்
உறுமி அடிக்க வரும் நேசனின் கூலி,
பஸ் காசு, ஒலிபெருக்கி வாடகை.
முந்நூறு என்றால் முப்பது பேர்.
வந்தது நான்கு பேர்.
ஒருவர் மன்னிப்புக் கேட்டு விலகினார்,
மகளுடைய பள்ளி பஸ் கட்டணம் ஏறிவிட்டதாம்.
பத்து வெள்ளிக்கு
அவ்வளவு நீளமான மன்னிப்பு.

சனிக்கிழமை இரவுச் சந்தை முடிகிற நேரம்,
ஆ செங் கடை வாசலில் பாடினோம்.
ஒலிபெருக்கி இல்லை. டயர்கள் மேல் ஏறி உட்கார்ந்தவர்கள்
நாற்பது பேர் இருக்கும்.
மூன்றாம் அடியில் நிறுத்தினேன்.
நாற்பது வாயும் ஒன்றாக,
பாஆஆம்!
பிள்ளைகள் இல்லாத கயிற்றை எட்டி இழுத்தார்கள்.
எதிர்ப்பக்கம் சாத்தே வாங்க வண்டியை நிறுத்தியிருந்த
கனகசுந்தரம் திரும்பிப் பார்த்தார்.

ஆ செங் என் காதருகே வந்தான்.
"அது அவருடைய லோரி, தெரியுமா?
அந்த ரெண்டு குரல் ஹாரன்,
நான் மாட்டினது."

அவன் ஐந்து வெள்ளி எதற்கென்று
அன்றைக்குத்தான் புரிந்தது.

இரவு நோட்டைத் திறந்தேன்.
அடித்துவிட்ட பெயருக்குப் பக்கத்தில்
கொஞ்சம் இடம் இருந்தது.
எழுதினேன்:
ஒரு ஹாரன்.
மாதாமாதம்.