சிவப்பு அம்பு

பொகவந்தலாவையில் அந்த வருஷம்
நத்தாருக்கு முந்தின இரவு
லயம் முழுக்கச் சவரியம்மா வீட்டு இஸ்தோப்பில்.
தேயிலைப் பெட்டி மேல் டிவி.
பக்கத்தில், மூன்று கட்டை தூரம் நடந்து
சிலுவைராசா அண்ணன் சார்ஜ் ஏற்றித்
தோளில் சுமந்து வந்த லொறி பேட்டரி.

பேசியது இங்கிலீஷ்,
கீழே ஓடியது சிங்களம்,
நாங்கள் பார்த்தது பனியை.

யாருக்கும் வேண்டாத சாமான்களுக்கு ஒரு கொட்டகை.
பின்னால் மட்டுமே ஓடுகிற ரயில்.
எவ்வளவு அடித்தும் சத்தம் வராத மேளம்.
சரி, விளங்கியது.
அப்புறம் அவள் வந்தாள்.
புள்ளிச் சட்டைப் பொம்மை.
கண் மூடித் திறந்தது. கை இருந்தது.
சப்பாத்துகூட ஜோடியாகத்தான் இருந்தது.
அவளையும் அங்கேதான் வைத்திருந்தார்கள்.

"என்ன கொறை அதுக்கு?"

"சவுரி முடியா இருக்கும்," என்றாள் பெர்னதெத்.
"முதுக காட்டவே இல்ல பாரு, ஓட்டை இருக்கு,"
இது அவளுடைய தம்பி.
அவள் ஏதோ சொல்லத்தான் செய்தாள்,
நீளமாக, வாயில் கை வைத்துக்கொண்டு.
காரணம் அதில் இருந்திருக்கும்.
எங்களில் ஒருத்தருக்கும் அது எட்டவில்லை.

இருட்டில் பீடி ஒன்று சிவந்தது.
"பேரு பதிஞ்சிருக்க மாட்டாங்க," என்றார் அப்பா.

எங்கள் ஊரில் அட்டை இரண்டு வகை.
ஒன்று கேட்காமலே காலில் ஏறும்.
மற்றது, கச்சேரிப் படி எத்தனை தரம் ஏறினாலும் வராது.
அப்பாவின் ஃபைல் ஐந்து முறை திரும்பி வந்தது,
ஒரு மூலைகூட மடங்காமல்.
என்ன பிழை என்று
ஒரு கடுதாசியிலும் எழுதியிருக்கவில்லை.

பொம்மை கண்ணைத் துடைத்தாள்.
மணிச் சத்தம் மாதிரி ஏதோ தூரத்தில்.
அவள் நிமிர்ந்தாள்.
படம் நாலு பக்கமும் சுருங்கி
ஒரு வெள்ளைப் புள்ளியாகி
அதுவும் போனது.

யாரும் எழும்பவில்லை.
சிலுவைராசா அண்ணன் வயரை நோண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"பொம்மைக்கு ஒண்ணுமில்ல. பேட்டரிக்குத்தான்."

பிறகு டோர்ச் வெளிச்சத்தில்
கோயிலுக்கு இறங்கினோம், நடுச்சாமப் பூசைக்கு.
வழியெல்லாம் அவளைப் பற்றியே பேச்சு.
அடுத்த டிசம்பர் பார்த்தோம், அதற்கடுத்ததும்.
அந்தப் படம் திரும்ப வரவேயில்லை.

இப்போது ஹட்டனில் எனக்கு வேலை,
தையல் ஃபெக்டரி, கடைசி மேசை.
குறை பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.
நூல் விட்டிருந்தாலோ பட்டன் சாய்ந்திருந்தாலோ
அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு,
சுண்டுவிரல் நகமளவு ஸ்டிக்கர், ஒட்ட வேண்டும்.
ஒரு ஷிஃப்டுக்கு எழுநூறு உருப்படி.
ராத்திரி சோறு பிசையும்போது
உள்ளங்கையில் ஒரு அம்பு ஒட்டியிருக்கும் சில நாள்.

போன செவ்வாய்க்கிழமை
இரண்டு வயதுக்கான சட்டை ஒன்று வந்தது.
புள்ளித் துணி. (ஆமாம், புள்ளிதான். நான் என்ன செய்ய?)
கழுத்தில் ரிஜெக்ட் சீட்டு.
அம்பு இல்லை.

உள்பக்கம் திருப்பினேன்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல், எண்ணினேன்.
கைத்துளை இரண்டும் ஒரே அளவு.
முகர்ந்துகூடப் பார்த்தேன்.

"என்ன அதுலயே நிக்கிறீங்க?"
தில்ருக்‌ஷி மிஸ்.
"குறை இல்ல மிஸ்."
"சீட்டு இருக்குதானே?
எங்க சரி ஒண்ண ஒட்டுங்க. லொறி நிக்குது."

விரல் நுனியில் அம்பு.
பசை காய்ந்துகொண்டிருந்தது.
கண்ணாடிக்கு வெளியே மூடுபனி கட்டடத்தையே மூடிவிட்டது,
லொறியின் ஹோர்ன் மட்டும் அதற்குள்.

சட்டையில் அதற்கு இடமில்லை.
சீட்டிலேயே ஒட்டினேன்,
அம்பின் முனை
அந்தச் சொல்லைக் காட்டும்படி.

மிஸ் பார்த்தார். சீட்டை, பிறகு என்னை.
ஒன்றும் சொல்லாமல் பேனாவை மூடினார்.

அடுத்த உருப்படியில் காலர் கோணல்.
அதில் சந்தேகமே இல்லை.