ஏறியவர் இருவர்

படிவத்தில் ஆறு என்றொரு இடம் இல்லை.
மருத்துவமனை, வீடு, வழியில்.
வழியில் என்று தட்டினால்
எந்த மாவட்டத்து வழி என்கிறது கணினி.
பதில் தராமல் அடுத்த பக்கம் திறக்காது.

நான் லிக்காண்டோ, கிழக்குக் கரையின் புள்ளிவிவர எழுத்தர்.
அப்பாவின் அலுவலகம் ஜெனீவாவில் என்று
என் மகன் பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறான்.
எனக்கு மேலே இருப்பது ஒழுகும் தகரம்,
அதற்கு மேலே லுசாகா,
அதற்கும் மேலேதான் அந்த ஏரிக்கரை நகரம்.
மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள்
என் கூட்டல்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

நாசிலேலே மருத்துவமனை வந்து சேரவில்லை.

மார்ச்சில் சாம்பேசிக்குக் கரை மறந்துவிடும்.
புல்வெளியெல்லாம் நீர்.
இரவு பத்தரைக்கு மேற்கில் படகேறினாள்,
கூட அவள் நாத்தனார் இனோங்கே.
அங்கே செவிலி இருந்தாள்.
ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி இருந்தது.
அதை வைக்கும் குளிர்பெட்டி இருந்தது, குளிர் இல்லை.
கொடையாளர் சின்னம் ஒட்டிய விசைப்படகும் இருந்தது.
பெட்ரோல் சீட்டு தந்த திட்டம்
டிசம்பரோடு முடிந்திருந்தது.
ஆகவே சித்தாலியின் துடுப்பு.

நடு ஆற்றில் பிள்ளை பிறந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
கரை தெரிகிறதா என்று கேட்டாளாம்.
தெரிகிறது என்றாராம் சித்தாலி.
எந்தக் கரை? என்று அவரைக் கேட்டேன்.
கேட்டுவிட்டு, பேனா மூடியைத் தேடுவதுபோல்
மேஜைக்கடியில் குனிந்துகொண்டேன்.
"பொய்தானே சொன்னேன்,
அதில் எந்தக் கரையாக இருந்தால் என்ன?"

மேற்கின் எழுத்தர் முண்டியா தொலைபேசியில்:
உன் மருத்துவமனைக்குக் கிளம்பியவள்.
நான்: உன் கரையில் ஏறியவள்.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள்;
எங்கள் வரைபடத்தில் இரண்டு கரையும் பச்சை.
இன்னும் ஒரு சாவு வந்தால் மஞ்சள்.
மஞ்சள் என்றால் கூட்டம், விளக்கம்,
அடுத்த ஆண்டு நிதியில் ஒரு கேள்விக்குறி.

இலக்கு எனக்கு மனப்பாடம்:
இரண்டாயிரத்து முப்பதுக்குள்
லட்சம் பிறப்புக்கு எழுபதுக்கும் கீழே.
எங்கள் கரையில் லட்சம் பிறக்க
ஐம்பது வருடமாகும்.
எழுபது பேரில் இவள் எத்தனையாவது
என்று யோசித்தபடி தேநீரை ஆறவிட்டேன்.

போன வருடம் அங்கிருந்து ஒரு பெண்மணி வந்தார்.
நல்லவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு
என் பதிவேட்டை முகத்தருகே வைத்து வாசித்தார்.
"இந்த எண்களுக்குப் பின்னால்" என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டார்.
அந்த நிறுத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

பிள்ளை விஷயத்தில் சண்டையே இல்லை.
இரு கரையும் எழுதிக்கொண்டது:
உயிருடன், பெண், இரண்டு கிலோ எழுநூறு,
பயிற்சி பெற்றவர் உதவியோடு.
சித்தாலி பெற்ற பயிற்சி நாற்பது வருடத் துடுப்பு.
இரட்டைப் பதிவு, ஒன்றை நீக்கவும் என்கிறது திரை.
தாயே இல்லாத இடத்தில்
இரண்டு பிள்ளைகள்.

நான்காம் தேதி இரவு கிழக்கு என்று போட்டேன்.
தைரியம் என்று சொல்ல மாட்டேன்.
ஒன்பது மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும்,
எட்டு ஐம்பதாகிவிட்டது.
காரணம்: ரத்தப்போக்கு.
பெட்ரோலுக்குக் குறியீடு கிடையாது.
வரைபடத்தில் எங்கள் கரை மஞ்சளாயிற்று,
அறுவடைக்கு முந்தின வயல்போல, அழகாகவே.

இன்று சித்தாலி வாடகை கேட்டு வந்திருந்தார்.
நூற்றைம்பது குவாச்சா. எந்தக் கரை தருவது
என்று இன்னும் முடிவாகவில்லை.
பள்ளி நோட்டில் கிழித்த தாளில் அவர் ரசீது:

நாசிலேலே, இனோங்கே.
ஏறியவர் இருவர்.
இறங்கியவர் இருவர்.

கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரிதான்.
முத்திரை குத்தப் போனபோதுதான் பார்த்தேன்,
கீழே பென்சிலில், கை நடுங்கிய எழுத்தில்
இன்னொரு வரி:

ஒருத்தியைத் தூக்கி இறக்கினோம்.